ஜாக் என்ற சொல்லும் நாரிஸ் ஹாஸ்லமும்

ஹாலின்ஷா என்ற அந்த இங்கிலீஷ்காரச் சின்ன ஊரில் நாரிஸ் ஹாஸ்லமின் காதில் விழும்படி 'ஜாக்' என்ற சொல்லை யாரும் சொல்ல மாட்டார்கள். சாராயக்கடையில் சீட்டாடும்போது ஜாக் சீட்டை இறக்குகிறவன் கூட, திருடன் மாதிரி சத்தம் போடாமல்தான் இறக்குவான். வெளியூர்க்காரன் எவனாவது தெரியாத்தனமாகச் சொல்லித் தொலைத்தால் போச்சு. நாரிஸ் அவன் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொள்வான். "அந்தச் சொல்லு எங்கேர்ந்து வந்துச்சு தெரியுமாப்பா?" என்று ஆரம்பிப்பான். அன்றைக்கு அந்த மனுஷன் வீட்டில் சாப்பாடு ஆறிப்போய்விடும்.

மற்றபடி நாரிஸ் தங்கமான ஆள், அதையும் சொல்லிவிட வேண்டும். வாழ்நாள் முழுக்கக் கார் ஷெட்டில் மெக்கானிக். பக்கத்து வீட்டு வண்டி மழையில் கிளம்பவில்லை என்றால் கூப்பிடாமலேயே குடையோடு போய் நிற்பான். குடிப்பதிலும் அளவு, கோபத்திலும் அளவு. அளவு தெரியாதது இந்த ஒரு சொல்லில் மட்டும்தான்.

அந்தப் பைத்தியம் பிடித்த கதை இது. கல்யாணமாகிக் கொஞ்ச நாளில், ஷெட்டில் ஒரு கார் ஜாக்கிலிருந்து வழுக்கி அவன் காலில் விழுந்தது. நம்மூர் மெக்கானிக் 'ஜாக்கி' என்கிறானே, அதே இரும்புச் சாமான்தான். கால் இரண்டு இடத்தில் முறிந்து, ஆஸ்பத்திரியில் கட்டிலோடு கட்டிப் போட்டார்கள். புத்தக வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த அம்மாளிடம் மீதியிருந்தது, அட்டை கிழிந்த ஒரு தடிமனான அகராதி மட்டும். என் காலை உடைத்த சனியனுக்கு யார் இந்தப் பேரை வைத்தது பார்ப்போம் என்று அதைப் பிரித்தான். ஜாக் என்ற அந்த ஒரு சொல்லுக்குப் பக்கம் பக்கமாகப் பொடி எழுத்தில் அர்த்தம் போட்டிருந்தது. உள்ளே போனவன்தான், இன்னும் வெளியே வரவில்லை.

இதையெல்லாம் கேட்டுக் காது புளித்துப்போனவள் அவன் பெண்டாட்டி டோரீன். காலை டோஸ்டோடு ஒரு ஜாக், ராத்திரிச் சாப்பாட்டோடு ஒரு ஜாக். "நான் எங்கடி கேக்கறேன்?" என்பாள் தன் சிநேகிதி ஹில்டாவிடம். "அவன் வாயத் தொறந்தா நான் மனசுக்குள்ள உருளைக்கிழங்கு உரிக்க ஆரம்பிச்சுடுவேன். அவன் முடிக்கிறப்ப ஒரு மூட்டை உரிச்சிருப்பேன். ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"குடுத்து வெச்சவ," என்பாள் ஹில்டா. "என் வீட்டுக்காரன் வாயே தொறக்க மாட்டான். நான் எதைக் கேக்காம இருக்கறது?"

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியைக் குடை சாய்த்தவர் மிஸ்ஸஸ் ப்ளீஸ்டேல். ஊர் மாதர் சங்கத்தின் தலைவி. டாக்டரின் மனைவி. நாக்கில் எப்போதும் தேன் தடவி வைத்திருப்பார். அந்தக் கோடையில், ஒரு சின்னப் பந்தைக் குறிவைத்துப் பெரிய பந்துகளை உருட்டும் புல்வெளிப் பந்தாட்டத்துக்குப் பரிசு கொடுக்க வந்தவர், சும்மா நிற்கிறோமே என்று பக்கத்தில் நின்ற ஆளிடம், "அந்தச் சின்னப் பந்துக்கு என்ன பேரு?" என்று கேட்டுவிட்டார். பக்கத்தில் நின்ற ஆள் யார் என்று உங்களுக்கே தெரியும்.

அந்தச் சின்னப் பந்துக்குப் பேர் ஜாக்.

தூரத்தில் சாண்ட்விச் அடுக்கிக்கொண்டிருந்த டோரீன் அதைப் பார்த்தாள். நாரிஸின் கை காற்றில் சுற்றுவதையும், அம்மாள் ஒவ்வொரு அடியாகப் பின்வாங்கி ரோஜாச் செடியில் முட்டிக்கொண்டு நிற்பதையும் பார்த்தாள். ரோஜா முள் குத்திக்கொண்டிருக்க, அம்மாள் சிரித்த முகம் மாறாமல் சொன்னார்: "எவ்வளவு சுவாரசியம்! நீங்க ஒரு நாள் எங்க சங்கத்துக்கு வந்து பேசியே ஆகணும்."

இந்த ஊரில் பிறந்த குழந்தைக்குக் கூட இதன் பொருள் தெரியும்: ஆளை விடு சாமி. 'அவசியம் சாப்பிட வரணும்' என்றால் வந்து நிற்காதே என்று அர்த்தம். நாரிஸும் இந்த மண்ணில் பிறந்தவன்தான். ஆனால் ஆசை கண்ணை மறைத்துவிட்டது. மறுநாள் காலையில் தலையைப் படிய வாரிக்கொண்டு டாக்டர் வீட்டு வாசலில் போய் நின்றான். "எந்த மாசம்ங்க?"

அம்மாள் என்ன செய்வார் பாவம்? நான் சும்மா மரியாதைக்குச் சொன்னேன் என்று சொல்லலாம்தான். அப்படிச் சொல்லத் தெரிந்த ஒருத்தர் ஹாலின்ஷாவில் இதுவரை பிறக்கவில்லை. "அக்டோபர் காலியா இருக்கு," என்றார்.

வீட்டுக்கு வந்து நாரிஸ் சொன்னபோது டோரீன் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"அவங்க பேச்சுக்குச் சொல்லியிருப்பாங்க, நாரிஸ்."

"ஆமா. பேச்சுக்குத்தான் கூப்பிட்டிருக்காங்க. ஒரு மணி நேரப் பேச்சு."

அவள் தட்டை மறுபடி கையில் எடுத்துக்கொண்டாள். மனுஷன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணத்தன்று கூட இப்படிப் பூரித்திருக்கவில்லை. புது டை வாங்கினான். குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு, "சீமாட்டிகளே!" என்று கண்ணாடியிடம் ஆரம்பித்தான். மரப்பெட்டி ஒன்றில் சாமான்களைச் சேர்த்தான்: ஷெட்டிலிருந்து இரும்பு ஜாக், பூட்ஸ் கழற்றும் மரக்கட்டை, பந்து, சீட்டுக்கட்டு, ஒரு சின்னக் கொடி. எல்லாம் ஜாக் குடும்பம்.

டோரீனுக்குத் தூக்கம் போயிற்று. சங்கத்துப் பெண்களை அவளுக்குத் தெரியும், அவளும் ஒருத்தி அல்லவா! போன மாதம் பல் வைத்தியர் வந்து பேசினார். நேருக்கு நேர் எல்லோரும் புன்னகைத்தார்கள். அவர் கார் கதவைச் சாத்தியதும் அந்த மனுஷனைத் துவைத்துப் பிழிந்து கொடியில் காயப்போட்டார்கள். டோரீனும் சேர்ந்துதான் பிழிந்தாள். நாளைக்குக் கசாப்புக் கடை வரிசையில் நாரிஸை அப்படிப் பிழிவார்கள். அது அவன் காதுக்கு வரும். வந்தால் மனுஷன் நொறுங்கிப்போவான்.

தாங்க முடியாமல் ஒரு நாள் டாக்டர் வீட்டுக்கே போனாள். எப்படியாவது இதை நிறுத்திவிடுவது என்று முடிவு. மிஸ்ஸஸ் ப்ளீஸ்டேலும் கதவைத் திறந்தபோது அதே முடிவோடுதான் இருந்தார் என்பது பின்னால் தெரிந்தது.

"உங்களுக்கு ஏதாவது சிரமம்னா சொல்லுங்க," என்றாள் டோரீன். "நாரிஸ் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டான்."

"சிரமமா? சேச்சே! உங்க வீட்டுக்காரருக்குத்தான் சிரமமோன்னு... வேலைக்கு நடுவுல..."

"அவனுக்கா? அவனுக்கு என்ன சிரமம்?"

"எங்களுக்கும் ஒரு சிரமமும் இல்லையே."

"அப்ப நல்லதாப் போச்சு."

"ரொம்ப நல்லதாப் போச்சு."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நொந்துபோய்ப் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் டீ குடித்தார்கள். வாசலுக்கு வந்ததும் டோரீன் தலையில் அடித்துக்கொண்டாள்.

அக்டோபர் கூட்டமும் வந்தது. தேவாலயக் கூடத்தில் நாற்காலி நிறையப் பெண்கள். மூலையில் டீ பாய்லர் உறுமிக்கொண்டிருக்க, மேஜையில் முட்டை சாண்ட்விச்சும் இஞ்சி கேக்கும் துணி மூடிக் காத்திருந்தன. பேச்சு முடியாமல் துணியை எடுக்கக் கூடாது என்பது சட்டம். அதனால் பேச வருகிறவர் மேல் எல்லோருக்கும் முதலிலேயே ஒரு கடுப்பு இருக்கும்.

டோரீன் கடைசி வரிசையில் ஹில்டாவுக்குப் பக்கத்தில் பதுங்கினாள். எல்லோரும் ஊசி நூலை எடுத்துப் பின்ன ஆரம்பித்தார்கள். மிஸ்ஸஸ் ப்ளீஸ்டேல் மணி அடித்து, "நம்ம மிஸ்டர் ஹாஸ்லம் இன்னிக்கு ஒரு சொல்லைப் பத்திப் பேசப்போறார்," என்றார்.

"ஒண்ணே ஒண்ணுதானா?" என்று யாரோ முணுமுணுத்தார்கள். "அப்ப சீக்கிரம் கேக் சாப்பிடலாம்."

நாரிஸ் எழுந்தான். புது டை கழுத்தை இறுக்கிக்கொண்டிருந்தது. பெட்டியிலிருந்து சாமான்களை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தான். நிமிர்ந்தான்.

"சீமாட்டிகளே," என்றான்.

அவ்வளவுதான்.

வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. இரும்பு ஜாக்கைத் தூக்கினான், கீழே வைத்தான். மரக்கட்டையைத் தூக்கினான், அதையும் வைத்தான். முகம் பீட்ரூட்டாகிவிட்டது. ஊரில் ஒருத்தர் விடாமல் பிடித்துவைத்து அறுத்த மனுஷனுக்கு, கேட்பதற்கென்றே உட்கார்ந்தவர்களைப் பார்த்ததும் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது! பின்னல் ஊசிகள் ஒவ்வொன்றாக நின்றன. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கூடத் தேவலை. எல்லோரும் அன்பாகப் புன்னகைத்தார்கள்.

"எவ்வளவு சுவாரசியம்," என்றார் மிஸ்ஸஸ் ப்ளீஸ்டேல், பழக்கதோஷத்தில்.

ஹில்டா டோரீனின் விலாவில் இடித்தாள். "உன் ஆளு வாய்க்கு யாருடி பூட்டுப் போட்டது?"

டோரீனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாயை மூடு, வாயை மூடு என்று இத்தனை வருஷமாக அவள்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்? இதோ மூடிக்கொண்டு நிற்கிறான். அதைப் பார்க்க அவளால் சகிக்கவில்லை. இப்போது உட்கார்ந்துவிட்டால் இனி வீட்டில் கூட வாயைத் திறக்க மாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. டோஸ்டைச் சத்தமில்லாமல் மென்றுகொண்டு எதிரே உட்கார்ந்திருப்பான். ஐயோ, அந்த வீட்டில் யார் இருப்பது?

பின்னல் மடியிலிருந்து விழுந்தது. எழுந்து நின்றிருக்கிறோம் என்பதே அவளுக்கு அப்புறம்தான் உறைத்தது.

"அவன் சொல்ல வர்றது என்னன்னா," என்றாள் டோரீன், "ஜாக்ங்கறது ஜான்ங்கற பேரோட செல்லப்பேரு."

எல்லாத் தலையும் பின்னால் திரும்பின.

"ஜான் ஜான்கின் ஆகி, ஜாக்கின் ஆகி, ஜாக் ஆச்சுங்கறாங்க. இல்ல, பிரெஞ்சுக்காரன் பேருலேர்ந்து வந்துச்சுன்னு வேற சில பேரு. படிச்சவங்க சண்டை இன்னும் தீரல, நீங்களும் தீக்க வேணாம்." நடுவழியில் நடந்துகொண்டே பேசினாள். 'நீங்களும் தீர்க்க வேண்டாம்' என்பது நாரிஸ் வழக்கமாக அடிக்கும் ஜோக். இந்த ஊரில் முதல் தடவையாக அதற்கு இரண்டு பேர் சிரித்தார்கள்.

மேஜைக்கு வந்து சேர்ந்தாள். நாரிஸ் பக்கத்து நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தான். அவள் சீட்டுக்கட்டிலிருந்து ஒன்றை உருவினாள்.

"இதுக்கு முன்னெல்லாம் 'நேவ்'னு பேரு. வேலைக்காரப் பையன்னு அர்த்தம் அதுக்கு. ராஜா சீட்டு கிங்கும் இதுவும் இங்கிலீஷ்ல எழுதறப்ப ஒரே 'கே' எழுத்துல ஆரம்பிக்குதா, ஆடறவன் குழம்பிப்போறான்னு ஜாக்னு மாத்திட்டாங்க. கௌரவமான குடும்பத்துல ஜாக்னு சொன்னா அப்ப அசிங்கமாம். இப்ப டாக்டர் வீட்ல கூடச் சொல்றாங்க."

மிஸ்ஸஸ் ப்ளீஸ்டேல் தலையாட்டினார். முதல் தடவையாக நிஜமாகவே கேட்டுக்கொண்டிருந்தார்.

கொடியைத் தூக்கிக் காட்டினாள்: கப்பல் முனையில் பறக்கும் சின்னக் கொடி. பந்தைக் காட்டினாள்: பெரியதற்குப் பக்கத்தில் சின்னதாக எது இருந்தாலும் ஜாக்தான். கப்பல்காரன் ஜாக், ஆண் கழுதை ஜாக். "குளிருக்கு ஜாக்கெட் போட்டிருக்கியே ஹில்டா, அதுவும் பிரெஞ்சு ஊர் விவசாயிகளைக் கூப்பிட்ட ஜாக்ங்கற பேருலேர்ந்து வந்ததுதான். பட்டிக்காட்டான் சட்டைன்னு கேலியா வெச்சது." ஹில்டா தன் ஜாக்கெட்டைக் குனிந்து பார்த்துக்கொண்டாள். கூடம் குலுங்கியது. நாரிஸ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான். அவள் பேசப் பேச அவன் உதடு கூடவே அசைந்தது.

அப்புறம் அவள் மரக்கட்டையைக் கையில் எடுத்தாள்.

"முன்னாடி பெரிய வீடுகள்ல ஒரு பையன் இருப்பான். எஜமான் வந்து காலை நீட்டினா பூட்ஸைப் பிடிச்சு இழுக்கணும். அடுப்புக்கு முன்னால உக்காந்து மணிக்கணக்கா கறிக் கம்பியைச் சுத்தணும். எந்த வீட்டுப் பையனா இருந்தாலும் பேரு ஜாக்தான். அப்புறம் பூட்ஸ் இழுக்க இந்தக் கட்டை வந்துச்சு. கறி சுத்த எந்திரம் வந்துச்சு. பாரம் தூக்க அந்த இரும்பு வந்துச்சு. பையனை அனுப்பிட்டாங்க. பேரை மட்டும் சாமானுக்கு வெச்சுக்கிட்டாங்க."

இங்கே நாரிஸ் வழக்கமாகக் கழுதைக்குப் போவான். டோரீன் போகவில்லை. கட்டையைக் கையில் திருப்பிக்கொண்டே நின்றாள்.

"இனிமே சொல்றது அவன் சொல்ல மாட்டான். என்கிட்டயே ஒரே ஒரு தடவைதான் சொன்னான், கால் ஒடஞ்சு கெடந்தப்ப. ஷெட்டுக்குப் போறப்ப இவனுக்குப் பதினாலு வயசு. முதலாளி ஷார்ப்பிள்ஸ்கிட்ட மூணு பசங்க. மூணு பேரும் ஜாக்தான் அந்தாளுக்கு. 'ஜாக், இங்க வா. ஜாக், கீழ படு.' இவன் பெரியவனாகி மெக்கானிக் ஆன அப்புறமும் ஜாக். கார் கால் மேல விழுந்து ஆம்புலன்ஸ் வந்தப்ப, இவன் பேரு என்னன்னு கேட்டாங்க. அந்த ஆளுக்குத் தெரியல."

டோரீன் நாரிஸின் பக்கம் திரும்பினாள்.

"நான் இவனை முதல்ல பாத்தது பக்கத்து டவுன் டான்ஸ் ஹால்ல. பேரு என்னன்னு கேட்டேன். 'நாரிஸ்'னான். 'நாரிஸ் ஹாஸ்லம்'னான். மறுபடி 'நாரிஸ்'னான். நான் மறந்துடுவேன்னு நெனச்சுட்டான் போல. சரியான லூசா இருக்கானேன்னு நெனச்சேன்." கட்டையை மேஜையில் வைத்தாள். "அவ்வளவுதான். கழுதையைப் பத்தி ஏற்கெனவே சொல்லியாச்சு."

கை தட்டினார்கள். பல் வைத்தியருக்குத் தட்டிய மாதிரி விரல் நுனியில் இல்லை. ஊசி, நூலெல்லாம் தரையில் உருளத் தட்டினார்கள். டோரீன் உருவிய சீட்டைக் கட்டுக்குள் சொருகினாள்.

பேச்சு முடிந்ததும் முறை வைத்து ஒருத்தி எழுந்து நன்றி சொல்ல வேண்டும். அன்றைக்கு ஹில்டாவின் முறை. அவள் எழுந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"நான் யாருக்குங்க நன்றி சொல்றது? பேச வந்தவர் பேசல. பேசினவ நம்ம வீட்டு ஆளு, ஒரு வார்த்தை கேட்டதில்லன்னு என்கிட்ட சத்தியம் பண்ணவ. நாரிஸ், நீயே சொல்லிடு கண்ணு."

கூடமே சிரித்தது. நாரிஸ் மெதுவாக எழுந்தான். டையைத் தளர்த்தினான். தொண்டையைச் செருமினான். மறுபடி அடைத்துக்கொள்ளுமோ என்று டோரீன் அவன் வாயையே பார்த்தாள்.

"நன்றி, டோரீன்," என்றான். அப்புறம், "ஒரே ஒரு திருத்தம்."

"ஆரம்பிச்சுட்டான்டா," என்றாள் ஹில்டா. மிஸ்ஸஸ் ப்ளீஸ்டேலின் கண் கேக்கின் மேல் போயிற்று.

"நீ மறந்துடுவேன்னு நான் அப்படிச் சொல்லல."

"பின்ன எதுக்குச் சொன்னே?" என்றாள் டோரீன்.

நாரிஸ் மேஜை மேலிருந்த சாமான்களைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான்.

"நீ கேட்டியே. அதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. ஒரு தடவை சொல்லிட்டு நிறுத்த மனசு வரல."

டோரீன் கைக்குட்டையைத் தேடினாள், கிடைக்கவில்லை. கொடியை எடுத்து மூக்கைச் சிந்தினாள்.

"உக்காரு, நாரிஸ்," என்றாள். அவன் உட்கார்ந்த பிறகும், யாரும் கேட்காமலேயே, இன்னொரு தடவை, "நாரிஸ்," என்றாள்.